நாற்பத்து மூன்று நிமிஷம் பேசிய அப்பா

எங்கள் வீட்டு இன்டர்நெட்டைச் சரிசெய்ய ஒருவர் வருவதாக இருந்தது. காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் இடையில் வருவார் என்று கடிதம் போட்டிருந்தார்கள். ஜெர்மனியில் இதற்கு டெர்மின் என்று பெயர். பல் பிடுங்க டெர்மின், முடி வெட்ட டெர்மின், வங்கியில் ஒரு கேள்வி கேட்க வேண்டுமென்றாலும் டெர்மின். அந்த எட்டு மணித்தியாலமும் நான் வீட்டைவிட்டு அசையக்கூடாது. மனிதர் வந்து மணியடிக்கும்போது நான் குப்பை கொட்டக் கீழே போயிருந்தால் கதவிடுக்கில் ஓர் அட்டையைச் செருகிவிட்டுப் போய்விடுவார். பிறகு இன்னும் மூன்று வாரம் காத்துக் கிடக்க வேண்டும். அதனால் குப்பையையும் கொட்டாமல் ரோல்ஸ் பொரித்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்தார். சப்பாத்தின் மேல் நீல நிற பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். "நைன், டாங்க" என்றார். வேண்டாம், நன்றி.

எங்கள் ஊரில் முதல் தடவை வேண்டாம் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டாவது வேண்டாம் மரியாதைக்குச் சொல்வது. ஆகவே மூன்றாவது தடவையும் தட்டை நீட்டினேன். அவர் கையிலிருந்த வயரைக் கீழே வைத்து, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "நான் ஏற்கனவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்." பதினொரு நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஒரு கண்ணாடிப் பலகையில் விரலால் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார், போய்விட்டார். சேவை எப்படி, எத்தனை நட்சத்திரம் என்று பின்னாலேயே மின்னஞ்சல் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்த மனிதர் ஒரு பிழையும் செய்யவில்லை. அதுதான் ஆத்திரம். வேண்டாமென்றால் வேண்டாம், வேணுமென்றால் வேணும் என்று நேராகப் பேசி வாழ்கிற இந்த ஆட்களைப் பார்க்கும்போது எனக்கு வருவது கோபமா பொறாமையா என்று பதினாலு வருஷமாகியும் பிடிபடவில்லை. நாங்களும் அப்படிப் பேசியிருந்தால் என் அப்பாவின் குரல் இன்று என் கையில் இருந்திருக்கும்.

எங்கள் முதல் கொம்பியூட்டர் இலங்கையில், அம்பிட்டியவில் இருந்த எங்கள் வீட்டுக்கு த்ரீவீலரில் வந்தது. கண்டி டவுனில் ஓர் அலுவலகம் பழசை விற்றபோது அப்பா வாங்கினார். பாரத்தில் த்ரீவீலர் மேட்டில் ஏறாமல் நின்றுவிட, கடைசி நூறு யார் தூரம் அப்பா பெரிய பெட்டியைத் தோளில் வைத்துத் தூக்கி வந்தார். எனக்குப் பதினைந்து வயது. விசைப்பலகையை நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன், தெரு முழுக்கப் பார்க்கட்டும் என்று. அம்மா முன் ஹோலில் இருந்த அலுமாரியை நகர்த்தி இடம் ஒதுக்கி, கொம்பியூட்டருக்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்தாள். உறையை எடுக்கவும் போடவும் வீட்டில் எனக்கு மட்டும்தான் உரிமை, தம்பிக்குக்கூட இல்லை. வகுப்பில் அதைப் பற்றி நான் அளந்துவிட்டதைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

அப்பா டவுனில் ஒரு புடவைக்கடையில் சேல்ஸ்மேன். கடை வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிடுவதுதான் அவருடைய வேலை. தமிழ், சிங்களம், கொஞ்சம் ஆங்கிலம், மூன்றிலும் கூப்பிடுவார். பண்டிகைக் காலத்தில் தெருவின் இந்த முனையில் அவர் கூப்பிட்டால் அந்த முனையில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அடிக்கடி சொல்வார். பன்வில தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து, கொழுந்து மூட்டை தூக்காமல் தப்பியது இந்த வாயால்தான் என்பது அவருடைய கணக்கு. அவருக்கு ஒரே ஓர் அண்ணன். எனக்குப் பெரியப்பா. ஊரில் பாதிப் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது பெரியப்பாவும் போய்விட்டார். நீலகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. வருஷத்துக்கு இரண்டு கடிதம் வரும். கடைசியில் வந்த கடிதத்தில், கண்ணில் பூ விழுந்துவிட்டது, உன் எழுத்தை இன்னொருத்தர்தான் வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று யாரையோ கொண்டு எழுதியிருந்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அப்பா இரண்டு நாள் கடை வாசலில் நின்றார்.

பழைய கொம்பியூட்டரோடு ஒரு சின்ன மைக்கும் வந்திருந்தது. அதை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று அப்பா கேட்டார். குரலைப் பதிவு செய்யலாம் என்றேன். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. கடிதமே வேண்டாம், அண்ணனுக்குப் பேசியே அனுப்பிவிடலாம் என்று தீர்மானித்துவிட்டார். ஒரே ஓர் இடைஞ்சல். அந்தக் காலத்துக் கொம்பியூட்டரில் இருந்த பதிவுக் கருவி சரியாக அறுபது விநாடிதான் பதியும், பிறகு தானாக நின்றுவிடும். அப்பாவோ கதிரையில் உட்கார்ந்து பேசமாட்டார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "அன்பும் பாசமும் நிறைந்த என் அண்ணன் அவர்களுக்கு, இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் தங்கள் நலமறிய ஆவல்" என்று கடிதத்துக்குரிய மரியாதையோடு தொடங்குவார். அண்ணி, பிள்ளைகள், அக்கம்பக்கத்தார் என்று ஒவ்வொருவராக நலம் விசாரித்து முடிப்பதற்குள் நிமிஷம் முடிந்துவிடும். அடுத்த பதிவை நான் தொடங்கினால் அதற்கும் முதலிலிருந்து வணக்கம்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்துக்கொண்டிருப்பேன். எனக்கும் பொறுமை கிடையாது, அது அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் ஞாயிறுதோறும் பேசினோம். தீபாவளிக்கு முதல் ஆரம்பித்து பொங்கல் வரைக்கும் நாற்பத்து மூன்று பதிவு. லயத்துக்குப் பின்னால் இருந்த தண்ணீர்ப் பீலியில் இரண்டு பேரும் வழுக்கி விழுந்தது, கங்காணியிடம் அடி வாங்கியது, தாத்தா செத்த அன்றைக்கு மழை, பெரியப்பா கப்பலுக்குப் போன அன்று இவர் காய்ச்சலில் படுத்திருந்ததால் வழியனுப்பப் போக முடியாமல் போனது எல்லாம் அதில் இருந்தது. அந்தக் கடைசி விஷயத்தை அவர் எங்களிடம்கூட அதற்கு முன் சொன்னதில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணே பெயராகப் போட்டு, எல்லாவற்றையும் முகப்புத் திரையிலேயே வரிசையாக வைத்தேன். கண் முன்னால் இருந்தால் காணாமல் போகாது என்பது என் அறிவு. அதைச் சீடியில் ஏற்றி, இந்தியாவுக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். எங்கள் கொம்பியூட்டரில் சீடி எழுத முடியாது. ஒரு சீடி எழுத வேண்டும் என்றபோது ரிஸ்வான் நானா எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார், எதை என்று அவர் கேட்கவுமில்லை, நாங்கள் சொல்லவுமில்லை.

ரிஸ்வான் நானா கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாக்காரர், அங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். அவருடைய வாப்பாவும் அப்பாவும் ஒரே கடையில் இருபது வருஷம் ஒன்றாக நின்றவர்கள். கொம்பியூட்டர் கோர்ஸ் செய்துவிட்டு வீடு வீடாகப் போய்த் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்தால் பைசா வாங்கமாட்டார். நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். அதுதான் வினையே. காசு வாங்காத ஆளை அவசரப்படுத்த முடியாது. பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் கொம்பியூட்டர் படுத்துவிட்டது. ஒரு கோப்பைத் திறக்கப் பத்து நிமிஷம், பிறகு அதுவும் இல்லை. அப்பா கடையிலிருந்து போன் போட்டார். "நாளைக்கு வாரேன்" என்றார் நானா. அம்மா உளுந்து ஊறப்போட்டாள். வரவில்லை. மறுநாளும் போன், மறுநாளும் நாளைக்கு, மறுநாளும் உளுந்து. பத்து நாள் நாங்கள் வடையே சாப்பிட்டோம். ஏன் வரவில்லை என்று கேட்டுவிடாதீங்க, பாவம் அவருக்கு என்ன வேலையோ என்று அம்மா அப்பாவுக்குச் சொல்லியே அனுப்புவாள்.

பதினோராம் நாள் வந்தார். பொழுதுபடும் நேரத்து மஃரிப் தொழுகைக்குள் கெலிஓயாவுக்குத் திரும்ப வேண்டும் என்று வந்தவுடனேயே சொன்னார். அப்பா கடையில். என்னை அம்மா அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டு, எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிறுத்திவிட்டு, அவள் ஹோலுக்குப் போனாள். ஹோலில் நடந்த பேச்சு ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. அதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

"வைரஸ் அடிச்சிரிக்கி, போர்மட் பண்ணோணும். உள்ளுக்கு முக்கியமான சாமான் ஏதும் இரிக்கா?" என்று நானா கேட்டார்.

"ஒண்ணுமில்ல தம்பி, நீங்க பாத்து செய்யிங்க" என்றாள் அம்மா.

ஒண்ணுமில்ல. அம்மாவுக்கு அந்தச் சொல்லைத் தவிர வேறொன்றும் வந்திருக்காது. வந்த மனிதர் நமக்காக ஏதாவது கேட்டால், அவருக்குச் சிரமம் வைக்காமல் பதில் சொல்ல வேண்டும். இருக்கு, அதைப் பத்திரமா எடுத்து வைங்க என்று சொன்னால் அவருக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் வேலை, பஸ் தவறும், தொழுகை தவறும். பசிக்கிறதா என்றாலும் ஒண்ணுமில்ல, காய்ச்சலா என்றாலும் ஒண்ணுமில்ல, பக்கத்து வீட்டார் அழுத கண்ணைப் பார்த்து என்ன என்று கேட்டாலும் ஒண்ணுமில்ல. சரி, அம்மாவுக்குப் போர்மட் என்றால் உள்ளே இருப்பதையெல்லாம் அழிப்பது என்று தெரியாது. எனக்குத் தெரியுமே! ஓரளவுக்காவது தெரியுமே! கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய், நானா, அப்பாவோட பேச்சு இருக்கு என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? சொன்னால் வாய்முத்து உதிர்ந்துவிடுமா? பெரியவர்கள் பேசும்போது குறுக்கே போகாதே என்று வளர்த்த பிள்ளை. அவருக்குத் தெரியாமலா இருக்கும், முன்னாலேயே கிடக்கிறதே, பார்த்து எடுத்து வைப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வடையைத் திருப்பிப் போட்டேன். தட்டோடு நான் ஹோலுக்கு வந்தபோது நீலத் திரையில் ஒரு மஞ்சள் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. நானா இரண்டு வடை சாப்பிட்டார். நல்லாயிரிக்கி என்றார்.

அப்பா வந்து கொம்பியூட்டரைப் போட்டார். புத்தம் புதுசாக ஒரு பச்சைப் புல்மேடும் நீல வானமும் வந்தது. அதில் ஒன்றுமே இல்லை. ஒண்ணுமில்ல என்று சொன்னது பலித்துவிட்டது. நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். நானாவுக்கு இப்பவே போன் போடுங்க, என்ன செஞ்சீங்கன்னு கேளுங்க என்று கத்தினேன். அப்பா சாமான்களைத் தேடுகிறவர் போல மவுஸை அங்கேயும் இங்கேயும் நகர்த்திக்கொண்டிருந்தார். "விடும்மா" என்றார். "அந்தப் பையன் நமக்காக பஸ் ஏறி வந்து செஞ்சிட்டு போயிருக்கான். வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டுறக்கூடாது. நான் எங்க போயிட்டேன்? மறுபடி பேசிக்கலாம்."

மறுபடி பேசவில்லை. இரண்டொரு ஞாயிறு மைக்கைப் போட்டோம். அன்பும் பாசமும் என்று தொடங்கிவிட்டு, இதெல்லாம் முன்னயே சொல்லிட்டேனே என்று நிறுத்திவிடுவார். சித்திரைக்குப் பிறகு பெரியப்பா தவறிவிட்டதாகத் தகவல் வந்தது. மைக்கை அம்மா துணியில் சுற்றி எங்கோ வைத்தாள். நடந்தது எதுவும் ரிஸ்வான் நானாவுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவர் அதற்குப் பிறகும் எங்கள் வீட்டுக்கு வந்து, அதே கொம்பியூட்டரை இன்னும் நாலு தடவை போர்மட் பண்ணினார். நாலு தடவையும் அதே கேள்வி கேட்டார், நாலு தடவையும் அம்மா அதே பதில் சொன்னாள், நாலு தடவையும் வடை. நான் ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன்.

நான் கல்யாணம் முடித்து ஜெர்மனிக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பேன், அப்பா பேசுவார், யார்தான் போன் பேச்சைப் பதிந்து வைக்கிறார்கள்? மூன்று வருஷத்துக்கு முந்தி, தொடர்ந்தாற்போல் சில ஞாயிறு அப்பா போனுக்கு வரவில்லை. கேட்டால் அம்மா சொல்வாள்: கடைக்குப் போயிட்டாரு. தூங்குறாரு. தொண்ட கட்டியிருக்கு, வேற ஒண்ணுமில்ல. நாலு மாசம் இப்படியே ஓடியது. ஒருநாள் நான் சத்தம் போட்டு, இப்போது அப்பாவைக் காட்டாவிட்டால் நாளைக்கே பிளேன் ஏறுவேன் என்றபோதுதான் அம்மா கேமராவைத் திருப்பினாள். அப்பாவின் கழுத்தில் துணி கட்டியிருந்தது. குரல்வளையில் கட்டி. எடுத்துவிட்டார்கள். கட்டியோடு சேர்த்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். இனி அவர் பேசமாட்டார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜெர்மன்காரி கதவைத் தட்டி, எல்லாம் சரிதானா என்று கேட்டாள். சரிதான், ஒன்றுமில்லை என்று ஜெர்மனில் சொல்லிக் கதவைச் சாத்தினேன். "சொன்னா அங்கேருந்து நீ என்னா செய்யப்போற? வீணா மனச போட்டு ஒலட்டிக்குவ" என்றாள் அம்மா. அப்பா போனுக்குப் பக்கத்தில் மேசையைத் தட்டினார். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. அதற்குள் அவர்கள் இருவரும் அதையெல்லாம் பழகி முடித்திருந்தார்கள்.

வீட்டில் அவர் குரல் எதிலாவது இருக்கிறதா என்று தேடினேன். என் கல்யாண வீடியோவில் அப்பா நன்றாக வாயசைக்கிறார், மேளச் சத்தத்தில் ஒரு சொல் கேட்காது. அவரிடம் பட்டன் போன்தான் இருந்தது, அதிலும் ஒன்றும் இல்லை. போன வருஷம் கண்டிக்குப் போனபோது சாமான் அறையில் அந்தப் பழைய கொம்பியூட்டர் பூப்போட்ட உறையோடு அப்படியே இருந்தது. அதை த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு கெலிஓயாவுக்குப் போனேன். ரிஸ்வான் நானா இப்போது அங்கே போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். தாடி நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழுந்து, கதிரையைத் துடைத்துப் போட்டு, பக்கத்துக் கடையில் பிளேன்டீ சொன்னார். வேண்டாம் நானா என்றேன். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே, இருபத்திரண்டு வருஷம் சொல்லாததைச் சொன்னேன். மெதுவாக, சிரித்த முகமாக, அவர் மனம் நோகாதபடி. அப்படித்தான் சொல்ல நினைத்தேன். பாதியில் அழுதுவிட்டேன்.

அவர் கையிலிருந்த ஸ்குரூ ட்ரைவரைக் கீழே வைத்தார். "ஏன் தங்கச்சி அண்டைக்கே செல்லல்ல?" என்றார். "போர்மட் பண்ணின ஒடன செல்லியிருந்தா அம்புட்டையும் எடுத்திருப்பேனே. அழிஞ்சத எடுக்கிறதுக்கெண்டே என்கிட்ட ஒரு சீடி இருந்திச்சே. நாலுதரம் மேல மேல போட்டு நானே எல்லாத்தையும் அழிச்சிரிக்கேன்."

"நீங்க சும்மா வந்து செஞ்சு குடுத்தீங்க நானா. உங்கள எப்படிக் கேக்கிறது?"

"சும்மா வந்ததால்தான் கேக்கோணும்!" கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "காசுக்கு வந்தவனா இருந்தா ஏசியிருப்பீங்க. சொந்த நானாவா இருந்தாலும் ஏசியிருப்பீங்க. நான் ரெண்டுமில்ல. அப்ப உங்கட ஊட்டுக்கு நான் யாரு? உங்கட அம்மா தந்த வடையெல்லாம் வேத்தாளுக்குத் தந்த வடையா?"

அவர் கேட்டதில் என்ன பிழை? நாங்கள் மரியாதை என்று நினைத்து மூடி வைத்ததை அவர் தூரம் என்று எடுத்துக்கொண்டார். கோபத்தோடேயே டிஸ்க்கைக் கழற்றி, இரண்டு நாள் வைத்துப் போராடினார். பழைய சினிமாப் பாட்டுத் துண்டுகளும், என் தம்பி ஏற்றிய கேம்களும்தான் வந்தன. மூன்றாம் நாள் டிஸ்க்கைப் பஞ்சில் சுற்றி என் கையில் கொடுத்தார். "அங்க பெரிய மெஷினெல்லாம் இரிக்கும். குடுத்துப் பாருங்க. அங்கயாவது வாயத் தொறந்து செல்லுங்க" என்றார். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இதை நான் வீட்டில் சொன்னபோது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா மேசையை இரண்டு தட்டுத் தட்டினார். எதற்கு இல்லை என்றார் என்று எனக்குத் தெரியவில்லை.

அழிந்த தகவல்களை மீட்கிற ஒரு நிறுவனம் எங்கள் நகரத்திலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம். டெர்மின் எடுத்துப் போனேன். வெள்ளை அங்கி போட்ட ஓர் இளம் மனிதர் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டார், இதில் என்ன இருக்கிறது என்று. இதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் சொன்னேன்: "நிக்ட்ஸ் பெஸொண்டரெஸ்." விசேஷமாக ஒன்றுமில்லை. என் வாய் அதுவாகச் சொன்னது. அவரும் நான் சொன்னதை நம்பி, கடைசிக் கட்டத்தில் ஒரு புள்ளடி போட்டார். அவசரமில்லாதது, முக்கியமில்லாதது. திரும்புகிற ரயிலில் மூன்று நிலையம் தாண்டியபிறகுதான் எனக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே அடித்துக்கொண்டேன், எதிரில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார். இறங்கி, மறு ரயில் பிடித்துத் திரும்பிப் போய், அந்தப் பையனின் மேசைக்கு முன்னால் நின்று, மூச்சு வாங்க, டெர்மின் இல்லாமல், "இதில் என் அப்பாவின் குரல் இருக்கிறது, அவரால் இனிப் பேச முடியாது, இது எனக்கு மிக மிக முக்கியம்" என்று சொன்னேன். அவர் பழைய படிவத்தை எடுத்துக் கிழித்துவிட்டு, புதிதாக ஒன்றை நிரப்பத் தொடங்கினார்.

ஏழு வாரம் கழித்து ஒரே ஒரு கோப்பு வந்தது. நாற்பத்து மூன்றில் ஒன்று. அதிலும் முப்பத்தெட்டு விநாடிதான் கேட்கிறது, மற்றது இரைச்சல். சமையலறையில் நின்றபடியே போட்டேன். செருமல். பிறகு, "அன்பும் பாசமும் நிறைந்த என் அண்ணன் அவர்களுக்கு, இவ்விடம் யாவரும்..." என் அப்பா! கடை வாசலில் தெருவையே திருப்பிய அதே குரல்! சரியாகப் பத்து விநாடி. பத்தாவது விநாடியில் ஒரு பெண்பிள்ளை குறுக்கே பாய்கிறாள். "ஐயோ அப்பா! எத்தன தடவ சொல்றது, வணக்கம் கிணக்கமெல்லாம் வேணாம்னு! நேரம் ஓடுது, சட்டுனு விஷயத்துக்கு வாங்க! இப்புடியே இழுத்துக்கிட்டு இருந்தீங்கன்னா நான் எழும்பி போயிருவேன், பெரியப்பாகிட்ட நீங்களே கப்பல்ல போயி சொல்லிக்கிடுங்க!" அப்பா ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். "பேசாதீங்க, முடியப்போகுது" என்கிறாள் அவள். முடிகிறது.

அவளை, அந்த வாயாடிப் பிசாசை, அந்த இடத்திலேயே கழுத்தை நெரித்திருப்பேன். எனக்குக் கிடைத்த ஒரே முப்பத்தெட்டு விநாடியில் இருபத்தெட்டை நானே தின்றிருக்கிறேன். இரண்டு நாள் அதை ஊருக்கு அனுப்பவில்லை. மூன்றாம் நாள் அனுப்பிவிட்டு வீடியோவில் எடுத்தேன். அம்மா போனை மேசையில் சாய்த்து வைத்து, அப்பாவுக்குப் பதிவைப் போட்டுக் காட்டினாள். தன் குரல் வந்தபோது அப்பா முகத்தில் ஒன்றும் அசையவில்லை, யாரோ வாசலில் பேசுவதைக் கேட்பது போல இருந்தார். நான் குறுக்கே வந்ததும் அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறார். சத்தமில்லாமல், கண்ணில் தண்ணீர் வர, மேசையைப் படபடவென்று தட்டிக்கொண்டு சிரிக்கிறார். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கை காட்டினார். இன்னொரு தடவை. பிறகு கொப்பியை எடுத்து எழுதி, அம்மாவைக் காட்டச் சொன்னார். "இந்தப் புள்ள எங்க போனா?" என்று எழுதியிருந்தது.

இங்கேதான்ப்பா இருக்கிறேன் என்றேன். அவர் இரண்டு தட்டுத் தட்டினார். கொப்பியில் கீழே எழுதினார்: "நீ இப்ப ஆஸ்பத்திரியில பேசுற மாதிரி பேசுற."

அது மெய். இங்கே தமிழ்க் கடையில் நான் வாயைத் திறந்தால், எந்த ஊர், கண்டியோ, தோட்டமோ என்று கேட்பார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் நான் யாழ்ப்பாணத்தார் போல ஓம், வாறன், போறன் என்று பேசப் பழகிவிட்டேன். வேலையில் ஜெர்மன். வீட்டுக்குப் போன் எடுத்தால், இரண்டும் கலந்த, யாருக்கும் நோகாத, ஒருவரையும் அவசரப்படுத்தாத ஒரு தமிழ். சாப்பிட்டாச்சா, மருந்து எடுத்தாச்சா, ஒன்றும் பிரச்சினை இல்லைதானே? பதினாலு வருஷமாக நான் அப்பாவை ஒரு வார்த்தை ஏசியதில்லை. அன்றைக்கு ஏசிப் பார்த்தேன், அவர் ஆசைப்பட்டாரே என்று. அப்பா, சும்மா இருங்க அப்பா என்றேன். பள்ளிக்கூட நாடகத்தில் பேசுவது போல வந்தது. அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

அம்மா சொல்கிறாள், அப்பா இப்போது அந்தப் போனைத் தானே இயக்கப் பழகிவிட்டாராம். காலையில் பிளேன்டீ குடிக்கும்போது அந்தப் பதிவைப் போடுவாராம். நானும் இங்கே வேலைக்குப் போகிற ட்ராமில் அதைத்தான் கேட்கிறேன். முதல் பத்து விநாடி கேட்பேன். அந்தப் பெண் குறுக்கே பாய்வதற்கு முன்னால் நிறுத்திவிடுவேன். அப்பா அந்தப் பத்து விநாடியை விரலால் தள்ளிவிட்டு, அவள் பேசத் தொடங்குகிற இடத்திலிருந்துதான் கேட்பாராம்.